ஆலயக் கூரையின் மழைநீரைக் கிணற்றில் சேர்ப்பது எப்படி?

ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் வைக்கப்பட்டான் என்கிறது ஆதியாகமம் 2:15. அந்தப் பொறுப்பைத் தமிழகத்துச் சபையொன்று தன் ஆலயக் கூரையிலிருந்தே தொடங்கலாம். இயற்கையைக் காக்க ஜெபித்துச் செயல்படும் நாட்களாகத் திருச்சபைகள் பல கடைப்பிடிக்கும் படைப்பின் காலம் (செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை) வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாக வருவதால், வேலைக்கு அதுவே ஏற்ற தருணம்.

200 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் விழும். கூரையின் சருகையும் புறா எச்சத்தையும் முதலில் அகற்றி, வடிகுழாயின் அடியில் திறந்து மூடக்கூடிய கிளைக்குழாய் ஒன்றைப் பொருத்தி, முதல் மழையின் அழுக்கு நீரை அதன்வழியே வெளியேற்ற வேண்டும். அடுத்து வரும் நீர், அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சிறு ஜல்லி, மேலே மணல் என நிரப்பிய தொட்டியில் வடிந்த பிறகே கிணற்றில் இறங்கலாம்.

திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட ஆள் கிடைப்பார்கள். ஆண்டுதோறும் மேல்மணலை அள்ளிக் கழுவப்போவது யார் என்பதைச் சபைக் கமிட்டித் தீர்மானத்திலேயே எழுதிவைப்பது நல்லது.