செய்திப் பரிமாற்றச் செலவை நிரல் எழுதும் முன்பே கணக்கிடுவது எப்படி?

இணைநிரல் ஒன்றை 64 செயல்முறைகளில் ஓட்டினால் கணக்கீட்டு நேரம் ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகக் குறையும். ஆனால் அந்தச் செயல்முறைகள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் நேரம் அப்படிக் குறைவதில்லை, சில வேளைகளில் கூடவும் செய்யும். நிரலை முழுதாக எழுதி, கொத்துக்கணினியில் முறை வரும்வரை காத்திருந்து ஓட்டிய பிறகுதான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. இரண்டு எண்களை அளந்து வைத்துக்கொண்டால், எந்தப் பகிர்வுமுறை தேறும் என்பதைக் காகிதத்திலேயே பார்த்துவிடலாம். தகடொன்றில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் எளிய நிரலைக் கொண்டு அந்த வழியை இங்கே விளக்குகிறேன்.

ஒரு செய்தி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கொடுத்தே தீர வேண்டிய தொடக்கச் செலவு ஒன்று உண்டு. அதை ஆல்ஃபா என்பர். அதற்கு மேல், ஒவ்வொரு பைட்டுக்கும் ஆகும் நேரம் பீட்டா. எனவே செய்தியின் நேரம் = ஆல்ஃபா + பைட்டுகளின் எண்ணிக்கை × பீட்டா. ரோஜர் ஹாக்னியின் பெயரால் வழங்கும் இந்த மாதிரி எளியதுதான் என்றாலும், பெரும்பாலான வடிவமைப்பு முடிவுகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. இக்கட்டுரை முழுவதும் ஆல்ஃபாவை 2 மைக்ரோவினாடி என்றும், வலையமைப்பின் வேகத்தை வினாடிக்கு 10 ஜிகாபைட், அதாவது பீட்டாவை 0.1 நானோவினாடி என்றும் வைத்துக்கொள்வோம். ஆல்ஃபாவைப் பீட்டாவால் வகுத்தால் 20,000 பைட் கிடைக்கிறது. அதைவிடச் சிறிய செய்திகளில் தொடக்கச் செலவே மேலோங்கும் என்பதால் செய்திகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அதைவிடப் பெரிய செய்திகளில் அனுப்பும் தரவின் அளவைக் குறைக்க வேண்டும்.

உங்கள் கணினிக்கு உரிய ஆல்ஃபாவையும் பீட்டாவையும் பிங்-பாங் சோதனையால் அளக்கலாம். ஒரு செயல்முறை அனுப்ப, மற்றது அதை அப்படியே திருப்பி அனுப்ப, போய்வந்த நேரத்தில் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பைட்டில் தொடங்கி இரண்டிரண்டு மடங்காக 4 மெகாபைட் வரை அளவை உயர்த்தி, ஒவ்வோர் அளவிலும் பல முறை ஓட்டி, தொடக்கத்தில் வரும் சில அளவீடுகளை விட்டுவிட்டு, மீதியின் இடைநிலை மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கணுவுக்குள் (கொத்துக்கணினியின் தனிக் கணினி ஒன்றுக்குள்) இருக்கும் இரு செயல்முறைகளையும் வெவ்வேறு கணுக்களில் இருப்பவற்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டின் மதிப்புகளும் வெகுவாக வேறுபடும். கிடைத்த புள்ளிகளுக்கு நேர்கோடு பொருத்தும்போது ஒரு கவனம் தேவை. வழக்கமான குறைந்தபட்ச இருபடி முறை பெரிய செய்திகளின் பிழையையே பெரிதாகப் பார்ப்பதால், ஆல்ஃபா எதிர்மறையாகக்கூட வந்து நிற்கும். ஆகவே பிழையை அந்தந்தப் புள்ளியின் நேரத்துக்கு விகிதமாக்கிப் பொருத்துவதே சரி. நடுவில் ஓரளவில் நேரம் சட்டென்று தாவினால் அது பெரும்பாலும் அளவீட்டுக் கோளாறு அன்று. சிறிய செய்திகளை உடனே அனுப்பிவிடும் எம்பிஐ நூலகம் (செயல்முறைகளுக்கிடையே செய்தி அனுப்பப் பயன்படும் நிரல் நூலகம்), பெரியவற்றுக்குப் பெறுபவரின் ஒப்புதலைக் கேட்ட பிறகே அனுப்புகிறது. அந்த இடத்தில் கோட்டை இரண்டாக வெட்டி, இரு பகுதிக்கும் தனித்தனி மதிப்புகளை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் தகட்டுக்கு வருவோம். 1024-க்கு 1024 புள்ளிகள்; ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியின் புதிய மதிப்பு அதன் நான்கு அண்டைப் புள்ளிகளிலிருந்து வருகிறது; ஒரு புள்ளிக்கு 1 நானோவினாடி நேரமும் 8 பைட் இடமும் ஆகின்றன. 64 செயல்முறைகளில் ஒவ்வொன்றுக்கும் 16,384 புள்ளிகள், அதாவது 16.4 மைக்ரோவினாடி வேலை. தகட்டைக் கிடைப் பட்டைகளாக வெட்டினால், நடுவிலுள்ள ஒவ்வொரு செயல்முறையும் மேலுக்கும் கீழுக்கும் 8192 பைட் கொண்ட செய்தி ஒவ்வொன்றை அனுப்பும்: 2 × (2 + 0.82), ஏறத்தாழ 5.6 மைக்ரோவினாடி. எட்டுக்கு எட்டு எனக் கட்டங்களாக வெட்டினால் நான்கு செய்திகள், ஒவ்வொன்றும் 1024 பைட்: 4 × (2 + 0.1), அதாவது 8.4 மைக்ரோவினாடி. கட்டமாக வெட்டினால் எல்லை சுருங்கும், ஆகவே அதுவே சிறந்தது என்று பாடத்தில் படித்திருப்போம்; இங்கோ பட்டைதான் வெல்கிறது. தகட்டை 4096-க்கு 4096 ஆக்கினால் பட்டைக்கு 10.6, கட்டத்துக்கு 9.6 என்று நிலை மாறுகிறது. 64 செயல்முறைகளுக்கு இந்தத் திருப்பம் ஏறத்தாழ 3300 புள்ளி அகலத்தில் நிகழ்கிறது.

இதோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. விடை நிலைப்பட்டுவிட்டதா என்று பார்க்க, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாச் செயல்முறைகளின் பிழையையும் கூட்டும் ஆல்ரெட்யூஸ் அழைப்பு ஒன்று நிரலில் இருக்கும். ஒரே வரிதான், அனுப்புவதும் வெறும் 8 பைட்தான். ஆனால் ஒவ்வொரு படியிலும் கூட்டுத்தொகையில் சேரும் செயல்முறைகளின் எண்ணிக்கை இருமடங்காக விரியும் முறையில் 64 செயல்முறைகளுக்கு 6 படிகள் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆல்ஃபா என்றால் 12 மைக்ரோவினாடி ஆகிறது. எல்லைத் தரவு முழுவதையும் பரிமாற ஆகும் நேரத்தைப் போல இது இரு மடங்குக்கும் மேல்! சிறிய தகட்டில் மொத்தச் சுற்று நேரம் 34 மைக்ரோவினாடியாகி, திறன், அதாவது மொத்த நேரத்தில் கணக்கீட்டின் பங்கு, 48 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. அந்தச் சோதனையை 50 சுற்றுகளுக்கு ஒருமுறை செய்தால் அதன் பங்கு சுற்றுக்கு 0.24 மைக்ரோவினாடியாகச் சுருங்கி, திறன் 74 விழுக்காட்டை எட்டும். பட்டையா கட்டமா என்று யோசிப்பதில் கிடைத்ததைவிட இதில் கிடைக்கும் ஆதாயம் பெரிது. ஆகவே செலவுக் கணக்கில் எந்த அழைப்பையும் சிறிதென்று விட்டுவிடாதீர்கள்.

ஆல்ரெட்யூஸ் போல எல்லாச் செயல்முறைகளும் பங்கேற்கும் கூட்டு அழைப்புகளில் அளவும் முறையும் சேர்ந்தே செலவை முடிவு செய்கின்றன. நரம்பியல் வலைப் பயிற்சியில் 100 மெகாபைட் சரிவு மதிப்புகளை 64 செயல்முறைகளுக்கிடையே கூட்ட வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். முன்பு கண்ட முறையில் 6 படிகளிலும் முழுத் தரவும் பயணிப்பதால் 60 மில்லிவினாடி ஆகும். ஒவ்வொரு செயல்முறையும் அடுத்ததற்கு மட்டுமே அனுப்பும் வளைய முறையில் 126 படிகள் இருந்தாலும் ஒவ்வொரு படியிலும் 64-இல் ஒரு பங்கு மட்டுமே போவதால், மொத்தம் 20 மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும். அதே வளைய முறையை 8 பைட்டுக்குப் பயன்படுத்தினால் 12 மைக்ரோவினாடி வேலை 252 ஆகிவிடும்.

இந்த மாதிரி சொல்லாமல் விடுவனவும் உண்டு. அவற்றுள் முதன்மையானது நெரிசல். 32 செயல்முறைகள் கொண்ட இரு கணுக்களில் பெரிய தகட்டைக் கட்டங்களாகப் பரப்பினால், கணு எல்லையிலுள்ள 8 செயல்முறைகள் ஒரே நேரத்தில் ஒரே நெட்வொர்க் கார்டு வழியாக அனுப்ப முயலும். பீட்டா அங்கே 8 மடங்காவதாகக் கொண்டால், அந்த ஒரு செய்திக்கு 2.4-க்குப் பதில் 5.3 மைக்ரோவினாடி ஆகி, கட்டமுறையின் மொத்தம் 12.5-ஐத் தொடுகிறது. பட்டைமுறையில் கணு எல்லையைக் கடப்பது ஒரே ஓர் இணை என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. எனவே பிங்-பாங் சோதனையை ஒரே இணையோடு நிறுத்தாமல், 2, 4, 8 இணைகளை ஒருங்கே ஓட்டியும் அளந்து பாருங்கள்.

கணக்கீடும் பரிமாற்றமும் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும்படி காத்திராத அழைப்புகளால் எழுதுவதாயிருந்தால், இரண்டையும் கூட்டாமல் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். செய்தியைக் கையாளச் செயலியே செலவிடும் நேரத்தை அப்படி மறைக்க முடியாது. அந்த நேரத்தைப் பயண நேரத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்காகவே 1993-இல் லாக்பி மாதிரி முன்வைக்கப்பட்டது. மேலும், சில எம்பிஐ நூலகங்களில், பரிமாற்றம் முடியக் காத்திருக்கும் வெயிட் அழைப்புக்குள் நுழையும்வரை பெரிய செய்திகள் நகர்வதே இல்லை. மேற்பொருந்துதலை உண்மையில் அளந்து காணும்வரை இரண்டையும் கூட்டியே கணக்கிடுவது பாதுகாப்பு.

கடைசியாக, நிரலை ஓட்டி ஒப்பிடும்போது பரிமாற்ற நேரம் கணித்ததைப் போலப் பல மடங்கு வந்தால், உடனே வலையமைப்பைக் குறை சொல்லாதீர்கள். பரிமாற்றத்துக்குச் சற்று முன்பாக, சோதனைக்காக மட்டும், எல்லாச் செயல்முறைகளும் வந்து சேரும்வரை நிறுத்திவைக்கும் பாரியர் அழைப்பு ஒன்றை இட்டு அதன் நேரத்தைத் தனியே எழுதுங்கள். பாரியரில் நேரம் போனால், வேலை சமமாகப் பங்கிடப்படாமல் யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்று பொருள். அதை எந்த ஆல்ஃபாவும் பீட்டாவும் சரிசெய்யாது. பாரியருக்குப் பிறகும் நேரம் கூடுதலாகவே இருந்தால் நெரிசலைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், சி மொழியில் நினைவகத்தில் தொடர்ச்சியாக அமையாத நெடுவரிசை எல்லைகளைத் திரட்டிக் கட்டும் செலவு கணக்கில் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.