ஒரே புல எண், இரண்டு பதிவு: யூனிக் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு விவசாயிகள் குழுவுக்கு, சம்பா அறுவடைக்கு மெஷின் புக் பண்ண ஒரு வெப் ஆப் எழுதிக் கொடுத்தேன். ஒரு பருவத்தில் ஒரு புல எண்ணுக்கு ஒரே பதிவு, இதுதான் விதி. இப்படி ஒன்று இரண்டாவது தடவை வரக்கூடாது என்பதைத்தான் யூனிக் என்கிறோம். தை மாசம் கதிர் சாயத் தொடங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே வர, ஒரே வயல் இரண்டு தடவை பதிவாகி இரண்டு வண்டி ஒரே வரப்புக்கு வந்துவிட்டது. அதே நேரம் அடுத்த ஊரில் ஒருவர், முற்றிய நெல்லை வைத்துக்கொண்டு மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவறு முழுக்க என் கோடில்தான்.

“இந்த எண் ஏற்கனவே இருக்கிறதா?” என்று தேடிப் பார்த்து, இல்லை என்றால் எழுது. இப்படித்தான் எழுதியிருந்தேன். வெப் ஆப் எழுத உதவும் ரெயில்ஸும் லாராவெல்லும் தரும் யூனிக் வேலிடேஷனும் (சேமிப்பதற்கு முன் ஆப் செய்யும் சோதனை) இதையேதான் செய்கிறது. அண்ணன் ஒரு போனிலும் தம்பி இன்னொரு போனிலும் ஒரே நொடியில் தட்டினால், இரண்டு ரெக்வஸ்ட்டும் தேடுகிற நேரத்தில் டேபிளில் எதுவும் இருக்காது, அதனால் இரண்டுமே எழுதிவிடும். பட்டனை முடக்கினாலும் போதாது, சும்மா, பல வேலைகளை ஒரே கட்டாக முடிக்கும் டிரான்சாக்‌ஷனுக்குள் போட்டாலும் போதாது, போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸின் வழக்கமான ஐசொலேஷன் நிலை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைப் பிரித்து வைக்கும் அளவு) இதைத் தடுக்காது. டேட்டாபேஸிலேயே யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள், அதே மதிப்பு இரண்டாவது தடவை வந்தால் டேட்டாபேஸே எர்ரர் கொடுத்து மறுத்துவிடும். வேலிடேஷனும் இருக்கட்டும், நல்ல மெசேஜ் காட்ட உதவும்.

இண்டெக்ஸ் போட்டதும் அந்த எர்ரரைப் பிடிக்க மறக்காதீர்கள். அதன் எண் போஸ்ட்கிரஸில் 23505, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் 1062. அதைப் பிடித்து “இந்த வயலுக்கு ஏற்கனவே பதிவு இருக்கிறது” என்று சொல்ல வேண்டும், வயலில் நிற்கிறவருக்கு 500 (சர்வர் எர்ரர்) என்று ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காட்டக்கூடாது.

அப்புறம், எது யூனிக் என்பது. புல எண்ணை மட்டும் வைத்தால் ஒரு கிராமத்து 112 பதிவானதும் பக்கத்துக் கிராமத்து 112 உள்ளே வர முடியாது. கிராமம், புல எண், உட்பிரிவு, பருவம் நான்கும் சேர்ந்ததுதான் சாவி. போன் நம்பரை யூனிக் ஆக்கவே ஆக்காதீர்கள், ஒரு வீட்டில் மூன்று பேர் வயலும் மகன் போனில்தான் பதிவாகும்.

இந்த நான்கில் உட்பிரிவு ஒரு பொறி. 112/3 என்று இருந்தால் சரி, உட்பிரிவே இல்லாத வயலுக்கு அந்த ஃபீல்டில் ‘நல்’ (NULL, மதிப்பே இல்லை என்ற குறி) இருக்கும், போஸ்ட்கிரஸும் மைஎஸ்க்யூஎல்லும் ஒரு நல்லும் இன்னொரு நல்லும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாது, ஆகவே இண்டெக்ஸ் இருந்தும் ஒரே வயல் பத்துத் தடவை பதிவாகும். 2022இல் வந்த போஸ்ட்கிரஸ் 15இல் நல்களையும் ஒன்றாகக் கருதச் சொல்லலாம். பழைய வெர்ஷனா? நல்லை அனுமதிக்காமல் காலி ஸ்ட்ரிங்கை டிஃபால்ட்டாக வையுங்கள்.

நம் எழுத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைப் பேசுகிறவர்கள் குறைவு. ‘கோட்டூர்’ என்பதில் வரும் கோவின் ஓகாரக் குறி, யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, இண்டெக்ஸுக்கு இரண்டு. சேவ் செய்வதற்கு முன், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றினால் தீரும். ஆனால் ‘கௌரி’யில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ள எழுத்தும் போட்டு அடித்திருந்தால் என்எஃப்சியும் காப்பாற்றாது. ஊர்ப் பெயரை டைப் செய்ய விடாமல் பட்டியலில் தேர்வு செய்ய வைத்து, ஊரின் குறியீட்டு எண்ணைச் சேமிப்பதே நல்லது.

மழையால் ரத்து செய்தவர் மறுபடி பதிய வருவார். ரத்தான பதிவின் வரியை டேபிளிலிருந்து அழிக்காமல் வைத்திருந்தால் அதுவே அவரைத் தடுக்கும். போஸ்ட்கிரஸில் ரத்தாகாத வரிகளுக்கு மட்டும் இண்டெக்ஸ் போடலாம், இதற்குப் பார்ஷியல் இண்டெக்ஸ் என்று பெயர். மைஎஸ்க்யூஎல்லில் அந்த வசதி இல்லை, ரத்தானால் நல் ஆகிற ஒரு ஜெனரேட்டட் ஃபீல்டை (மற்ற ஃபீல்டுகளிலிருந்து டேட்டாபேஸே கணக்கிடுவது) இண்டெக்ஸில் சேருங்கள், இங்கே நல்லின் குணம் நமக்கு உதவுகிறது.

ஓடிக்கொண்டிருக்கிற ஆப்பில் இண்டெக்ஸ் சேர்க்கும்போது, முதலில் இரட்டைப் பதிவுகளை குரூப் செய்து எடுத்துப் பாருங்கள். புதியதை வைத்துப் பழையதை அழி என்று ஸ்கிரிப்ட் ஓட்டாதீர்கள், எது சரியான பதிவு என்று பதிந்தவரிடமே கேளுங்கள். நான் அப்படித்தான் ஒவ்வொருவராகப் போன் செய்தேன். போஸ்ட்கிரஸில் கன்கரண்ட்லி (CONCURRENTLY, பதிவுகளை நிறுத்தாமல் இண்டெக்ஸ் கட்டும் வழி) போட்டு இண்டெக்ஸ் உருவாக்கும்போது இரட்டை ஒன்று மிச்சமிருந்தால் வேலை பாதியில் நின்று செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அங்கேயே தங்கிவிடும், அதை நீக்கிவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.