த்ரஸ்ட் பேரிங் தேய்கிறதா? கியர்பாக்ஸ் பக்கம் திரும்புங்கள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போட்ட டிராக் ரேஸ் (நேர்கோட்டுப் பந்தய) காரில் த்ரஸ்ட் பேரிங், அதாவது கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் பேரிங், போனால், இன்ஜின் கட்டியவர்தான் திட்டு வாங்குகிறார். அதற்கு முன் பேரிங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்முகம் புதிது போல இருந்து, பின்முகம் மட்டும் செம்பு நிறம் தெரிய வழிக்கப்பட்டிருந்தால், கிராங்க் ஷாஃப்டைப் பின்னாலிருந்து ஏதோ தள்ளியிருக்கிறது. பின்னால் இருப்பது டார்க் கன்வெர்ட்டர், இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம். சேலத்தில் என் நண்பரின் காரில் பேரிங்கை மாற்றியும் தேய்மானம் நிற்கவில்லை. கீழே சொல்லும் வேலைகளைச் செய்த பிறகுதான் நின்றது.

கன்வெர்ட்டருக்குள் ஆயில் அழுத்தத்தோடு நிற்கிறது. கியர்பாக்ஸின் ஆயில் பம்புக்குள் நுழையும் அதன் கழுத்துப் பக்கம் திறந்திருப்பதால், அந்த அழுத்தம் முழுக் கன்வெர்ட்டரையும் இன்ஜினை நோக்கித் தள்ளுகிறது. கழுத்தின் விட்டம் 44 மி.மீ., அழுத்தம் சதுர செ.மீ.க்கு 7 கிலோ என்று வைத்துக்கொண்டால், தள்ளும் விசை 100 கிலோவைத் தாண்டும். சாதாரண ஓட்டத்தில் பேரிங் தாங்கிவிடும். டிரான்ஸ் பிரேக் (கியர்பாக்ஸையே பூட்டி காரை நிறுத்தி வைக்கும் பிரேக்) போட்டு, முதல் கியரும் ரிவர்ஸும் ஒன்றாகப் பிடித்திருக்க, ஆக்சிலரேட்டரை மிதித்தபடி பச்சை விளக்குக்குக் காத்திருக்கும்போதுதான் ஆபத்து. பல கியர்பாக்ஸ்களில் அப்போது அழுத்தம் ஏறுகிறது, கன்வெர்ட்டரின் உடல் உப்புகிறது.

கியர்பாக்ஸை ஏற்றும் முன் கிராங்கின் முன்பின் அசைவை அளந்து எழுதி வையுங்கள். காந்தக் கால் உள்ள, 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜ் வாங்குங்கள். இந்த வேலைக்கு ஃபீலர் கேஜை (இடைவெளியில் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடுகள்) நான் நம்புவதில்லை. பெரும்பாலான இன்ஜின்களில் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும். உங்கள் இன்ஜினின் கையேடு சொல்வதே இறுதி.

அடுத்து, கன்வெர்ட்டரை கியர்பாக்ஸில் உட்கார வைப்பது. பலரும் தடுமாறும் இடம் இது, அவசரப்படாதீர்கள். இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் தண்டு, பம்ப் என மூன்று இடங்களில் அது பொருந்த வேண்டும். மெல்லச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் ஒவ்வொன்றாக 'டக்' என்று இறங்கும். கடைசி 'டக்' கேட்காமல் கியர்பாக்ஸை ஏற்றக் கூடாது. இன்ஜினும் பெல் ஹவுசிங்கும் (கன்வெர்ட்டரை மூடும் கியர்பாக்ஸின் முன்கூடு) கையால் தள்ளியே முழுதாக ஒட்ட வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முறுக்கி இழுத்தால், பம்பும் த்ரஸ்ட் பேரிங்கும் ஒன்றாகப் போகும்.

பெல் ஹவுசிங்கை முடுக்கிய பின் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். அதை முழுதாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் (கிராங்கின் பின்முனையில் பூட்டிய தகடு) அதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 3 முதல் 5 மி.மீ. வரை வேண்டும். வெர்னியர் அங்கே நுழையாது. டிரில் பிட்டின் தண்டுதான் எனக்குப் பிடித்த கருவி. 3 மி.மீ. தண்டு நுழைய வேண்டும், 5 மி.மீ. தண்டுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. இடைவெளி குறைந்தால் உப்பும் கன்வெர்ட்டர் பின்னுக்கு நகர இடமில்லை, கிராங்கைத்தான் தள்ளும். மிகுந்தால் கழுத்து பம்பில் போதிய ஆழம் பிடிக்காது. மிகுந்ததைச் சரிசெய்ய, கன்வெர்ட்டரை ஃபிளெக்ஸ் பிளேட்டோடு பூட்டும் எல்லா போல்ட்டுக்கும் ஒரே கனமுள்ள வாஷர் போட வேண்டும். சேலத்தில் இதற்கென்று கேட்டால் துருப்பிடிக்காத எஃகுத் துண்டில் வெட்டித் தர ஆள் இருப்பார்கள். இரும்பாலை ஊர் அல்லவா. அதை வாங்காதீர்கள். அது மென்மையானது, முடுக்க முடுக்க அமுங்கும். கடினமாக்கி, கிரைண்டிங் செய்த வாஷர்தான் வேண்டும்.

கன்வெர்ட்டரின் முன்பக்க நடுவில் நீட்டியிருக்கும் மூக்கு கிராங்கின் குழிக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பெயின்ட்டோ துருவோ இருந்தால் துடைத்து, லேசாக கிரீஸ் தடவுங்கள். எல்லாம் முடுக்கிய பிறகு கிராங்கின் அசைவை மறுபடி அளங்கள். முதலில் எழுதி வைத்த அளவே வர வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ நெருக்குகிறது, கழற்றத்தான் வேண்டும். இந்த ஒரு அளவை எடுக்காமல் இன்ஜினைக் கிளப்புவதை நான் ஏற்கவே மாட்டேன்.

கூலர் குழாய்: கன்வெர்ட்டரிலிருந்து வெளியேறும் ஆயில் பெரும்பாலும் கூலர் வழியாகத்தான் போகிறது. குழாய் மடங்கினாலோ எல்போவின் (வளைந்த இணைப்பு) துளை சிறிதானாலோ அழுத்தம் கன்வெர்ட்டருக்குள்ளேயே தேங்கும். உள்விட்டம் 9 மி.மீ.க்குக் குறையாத குழாய் போடுங்கள். சேலம் வெயிலுக்காகச் சேர்க்கும் கூடுதல் கூலரும் ஓட்டத்தைத் தடுக்காததாக இருக்கட்டும்.

பந்தயத்துக்குப் பின் இன்ஜின் ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெயிலில் மினுங்கும் செம்புத் தூள் தெரிந்தால் அடுத்த ஓட்டத்துக்குப் போகாதீர்கள். சோதனை ஓட்டமும் மூடிய ஓடுபாதையில் மட்டும்தான். பெங்களூரு நெடுஞ்சாலையிலோ ஏற்காடு சாலையிலோ அல்ல.

பிற்சேர்க்கை: ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஆட்டோமேட்டிக் காருக்கும் இது வருமா என்று பலர் கேட்டிருந்தார்கள். கம்பெனிப் பொருத்தம் மாறாத காரில் அஞ்ச வேண்டியதில்லை. மேனுவல் காரில் வளைவில் நிற்கும்போதெல்லாம் கிளட்சை மிதித்தே வைத்திருந்தால் அதே த்ரஸ்ட் பேரிங்கில்தான் சுமை விழும். நியூட்ரல் போட்டு, கைபிரேக்கைப் பிடியுங்கள்.

இன்னொரு வாசகர் எல்லா அளவும் சரியாக இருந்தும் பேரிங்கில் புள்ளி புள்ளியாக அரிப்பு என்று எழுதியிருந்தார். பேட்டரியின் எர்த் ஒயரைப் பாருங்கள். இன்ஜினுக்கு நல்ல எர்த் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மின்சாரம் கிராங்க், கியர்பாக்ஸ் வழியாகப் பாயும். பேட்டரியிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு நேராக ஒரு தடித்த எர்த் கேபிளும், பிளாக்கிலிருந்து சேஸிஸுக்கு இன்னொன்றும் போடுங்கள். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள்.