பாம்பேய்ல காலைல இடிபாடு, மதியம் வெசுவியஸ் ஒயின்: ரெண்டையும் ஒரே நாள்ல பாக்குறது எப்படி

இத்தாலில நேப்பிள்ஸ் பக்கத்துல, வெசுவியஸ் எரிமலை வெடிச்சு மூடின பழைய ரோமானிய ஊரு தான் பாம்பேய். முதல்லயே சொல்லிடறேன், வரிசைய மட்டும் மாத்திடாதீங்க. காலைல இடிபாடு, அப்புறம் தான் ஒயின். முதல் தடவை போனப்ப நாங்க தலைகீழா பண்ணோம், ஒயின் தோட்டத்துல காலைல 11 மணி ஸ்லாட் தான் கிடைச்சுதுன்னு அத முதல்ல போட்டுட்டோம், அஞ்சு கிளாஸ், கூட சாப்பாடு, அப்புறம் ஜூலை மாச 3 மணி வெயில்ல நிழலே இல்லாத கல் ரோட்ல கைடு பின்னாடி நடந்தா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. கைடு என்ன சொன்னாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்ல. ரெண்டாவது தடவை ஒழுங்கா பிளான் பண்ணி போனேன், அதைத் தான் எழுதறேன்.

எதுக்கு இந்த ரெண்டையும் சேக்கணும்னு கேட்டா, பாம்பேயே ஒரு ஒயின் ஊரு தான். கிபி 79ல வெசுவியஸ் வெடிச்சு மூடுறதுக்கு முன்னாடி அந்த மலைச்சரிவு பூரா திராட்சைக் கொடி. அங்க ஒரு வீட்ல கிடைச்ச சுவர் ஓவியத்துல (இப்ப நேப்பிள்ஸ் தொல்லியல் மியூசியத்துல இருக்கு) ஒயின் தெய்வம் பாக்கஸ் உடம்பு முழுக்க திராட்சையா நிக்கும், பக்கத்துல மலை, அதோட சரிவுல கொடி. காலைல நீங்க பாக்குற கடை, ஜாடி, செக்கு எல்லாம் எதுக்குன்னு மதியம் அதே மலை மண்ணுல விளைஞ்சத வாயில வச்சா தான் புரியும். தனித்தனியா ரெண்டு நாள்ல போனா அந்த தொடர்பு அறுந்துடும்.

சரி டிக்கெட். ஆன்லைன்ல முன்கூட்டியே எடுத்துடுங்க. 2024 நவம்பர்ல இருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் தான்னு கட்டுப்பாடு வந்துடுச்சு, டிக்கெட்லயும் பேர் போட்டு தான் தருவாங்க, அதனால பாஸ்போர்ட்டோ ஐடியோ கையில இருக்கணும். ஊருக்குள்ள மட்டும் போற டிக்கெட் ஒண்ணு, வெளிய இருக்குற வில்லாக்களும் சேர்ந்தது இன்னொண்ணு. ஒயினுக்காக போறவங்க ரெண்டாவத எடுக்கலாம், ஏன்னு கீழ சொல்றேன். மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை இலவசம், இலவசம்னு ஆசைப்பட்டு அன்னிக்கு போகாதீங்க, கூட்டத்துல கைடோட முதுகு தான் தெரியும். பெரிய பேக் உள்ள விட மாட்டாங்க, 30க்கு 30க்கு 15 சென்டிமீட்டர் தான் கணக்கு, அதுக்கு மேல இருந்தா வாசல்லயே வச்சுட்டு போகணும்.

நேப்பிள்ஸ்ல இருந்து வரவங்க கரிபால்தி ஸ்டேஷன் கீழ் தளத்துல சிர்க்கும்வெசுவியானா ரயில் புடிங்க, சொரெண்டோ போற லைன். இறங்க வேண்டிய ஸ்டேஷன் பேர் 'பொம்பேய் ஸ்காவி - வில்லா தெய் மிஸ்தேரி', முப்பத்தஞ்சு நாப்பது நிமிஷம் ஆகும். பொம்பேய்னு பேர்ல வேற ஸ்டேஷன்களும் இருக்கு, அதுங்க புது ஊருக்குள்ள இருக்கு, அங்க இறங்கிட்டா ஆம்பிதியேட்டர் பக்க வாசலுக்கு தான் வருவீங்க, கைடு போர்த்தா மரீனா வாசல்ல காத்துட்டு இருப்பாரு. ரயில் பழசு, கூட்டம் ஜாஸ்தி, பர்ஸ முன் பாக்கெட்ல வைங்க. ஸ்டேஷன விட்டு வெளிய வந்ததும் "இன்ஃபர்மேஷன், இன்ஃபர்மேஷன்"னு கூப்பிடுவாங்க, அது டூர் விக்கிற கடை, நேரா வாசலுக்கு நடங்க.

கைடு விஷயத்துல தான் நெறைய பேரு கோட்டை விடறாங்க. லைசென்ஸ் வச்ச கைடுக்கு கழுத்துல அடையாள அட்டை தொங்கும், அத பாத்து எடுங்க. குரூப் டூர் விலை கம்மி தான், ஆனா அவங்க எல்லாருக்கும் ஒரே ரூட்டு தான் ஓட்டுவாங்க. நாலு பேரா போனா தனி கைடு ரெண்டரை மணி நேரத்துக்கு எடுத்து செலவ பங்கு போட்டுக்கலாம், அப்ப தான் "எங்களுக்கு ஒயின் சம்பந்தப்பட்டது எல்லாம் காட்டுங்க"ன்னு கேக்க முடியும். புக் பண்ணும்போதே மெயில்ல எழுதிடுங்க. ஊரு மொத்தம் 66 ஹெக்டேர், அதுல மூணுல ரெண்டு பங்கு தோண்டியாச்சு, அத பூரா பாக்கணும்னு நெனச்சா ரெண்டு நாள் வேணும், அதனால ஒரு நூல புடிச்சுட்டு போறது தான் புத்திசாலித்தனம். வீடுங்கள மாத்தி மாத்தி மூடி திறப்பாங்க, அன்னிக்கு எது திறந்திருக்குன்னு காலைலயே கேட்டுக்கோங்க.

நான் போன ரூட்டு இது. போர்த்தா மரீனால 9 மணிக்கு நுழைஞ்சு ஃபோரம், அதாவது ஊரோட மைய சதுக்கம். அங்க ஓரத்துல கம்பி போட்ட கொட்டகைல ரெண்டு பக்க காது வச்ச, அடி கூர்மையான ஜாடிங்க அடுக்கி வச்சிருப்பாங்க, அது தான் ஆம்போரா, அந்த காலத்து ஒயின் பாட்டில்னு வச்சுக்கோங்க. அடி ஏன் கூரா இருக்குன்னு கைட கேளுங்க, கப்பல்ல ஒண்ணுமேல ஒண்ணு இடுக்கி அடுக்குறதுக்கு வசதியாம். அங்கிருந்து வெத்தி வீடு, 2023ல தான் மறுபடி திறந்தாங்க. அடிமையா இருந்து விடுதலையான ரெண்டு பேரோட வீடுன்னு சொல்றாங்க, ஒயின் வியாபாரத்துல சம்பாதிச்ச காசு. உள்ள ஒரு ஹால்ல சுவர் ஓரமா குட்டி குட்டி க்யூபிட்ங்க (றெக்கை வச்ச காதல் தெய்வக் குழந்தைங்க) வேலை செய்யற மாதிரி வரைஞ்சிருக்கும், ஒண்ணு நகை செய்யும், ஒண்ணு ஒயின் விக்கும். பத்து நிமிஷம் நின்னு பாருங்க, அவசரப்படாதீங்க.

அப்புறம் தெர்மோபோலியம், அதாவது அந்த காலத்து டீக்கடை மாதிரி ஒண்ணு. எல் வடிவ கல் கவுண்டர், அதுல குழி குழியா ஜாடி பதிச்சிருக்கும். இந்த மாதிரி கடை ஊர்ல தெருவுக்கு தெரு இருக்கு. 2020 கடைசில முழுசா தோண்டி எடுத்த ஒரு கடைல கவுண்டர் மேல வாத்து, கோழி படமெல்லாம் கலர் மாறாம இருக்கு, அங்க ஒரு ஜாடி அடியில அரைச்ச மொச்சை மாதிரி ஒரு பயறு கிடைச்சுது. ஒயின் நிறத்த வெளுக்க வைக்கவும் ருசிய சரி பண்ணவும் போடுவாங்களாம், கலப்படத்துக்கு வயசு ரெண்டாயிரம்! இன்னொரு கடை சுவர்ல எழுதி வச்சிருந்த விலைப்பட்டியல் எனக்கு ரொம்ப புடிச்சது: ஒரு ஆஸ் காசு குடுத்தா சும்மா ஒயின், ரெண்டு குடுத்தா நல்லது, நாலு குடுத்தா ஃபலேர்னியன், அது அப்ப டாப் பிராண்ட். தண்ணி கலக்காம குடிக்கிறது காட்டுமிராண்டித்தனம்னு ரோமானியங்க நெனச்சாங்க, இத மதியம் ஞாபகம் வச்சுக்கோங்க, கிளாஸ் பக்கத்துல தண்ணி வைக்கிறதுக்கு வரலாறு இருக்கு.

அபொந்தான்சா தெரு வழியா கிழக்கால நடந்தா கடைசில ஆம்பிதியேட்டர், அதுக்கு பக்கத்துல ஃபோரோ போவாரியோன்னு ஒரு திராட்சைத் தோட்டம். இத மாட்டுச்சந்தைன்னு நெனச்சு அப்படி பேர் வச்சாங்களாம். 1960கள்ல வில்ஹெல்மினா யாஷெம்ஸ்கின்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் அங்க தோண்டுனப்ப வேர் மக்கிப்போன ஓட்டைங்க வரிசையா கிடைச்சுது, அதுல சிமெண்ட் ஊத்தி வார்ப்பு எடுத்து பாத்தா, ரெண்டாயிரம் கொடிக்கு மேல! எரிமலைச் சாம்பல்ல புதைஞ்சு செத்தவங்க உடம்பு இருந்த குழில பிளாஸ்டர் ஊத்தி உருவம் எடுத்தாங்கல்ல, 1863ல ஃபியொரெல்லி ஆரம்பிச்சு வச்சது, அதே டெக்னிக் தான் வேருக்கும். அப்புறம் 1990கள்ல அதே மாதிரி இடைவெளி விட்டு மறுபடி கொடி நட்டாங்க, 2001 அறுவடைல இருந்து ஒயினும் போட்டாங்க. உடம்பு வார்ப்ப பாத்துட்டு மனசு கனத்து வர்றவங்களுக்கு இந்த இடம் கொஞ்சம் ஆறுதல்.

ரெண்டாவது டிக்கெட் ஏன்னு சொன்னேன்ல. ஊருக்கு வெளிய வில்லா தெய் மிஸ்தேரில சிவப்பு பின்னணில டயோனிசஸ் (பாக்கஸோட கிரேக்கப் பேரு) சடங்கு ஓவியம் ஒரு ரூம் முழுக்க, கூடவே ஒரு பக்கம் ஆட்டுத்தலை செதுக்கின திராட்சை பிழியற செக்கும் திருப்பி செஞ்சு வச்சிருக்காங்க. பக்கத்து ஊரான போஸ்கோரியாலேல வில்லா ரெஜினான்னு ஒரு சின்ன பண்ணை வீடு, அங்க முற்றத்துல தரையில புதைச்ச 18 பெரிய தாழி, ஒயின் புளிக்க வைக்கிறது. கூட்டமே இருக்காது. ஆனா ஒரே நாள்ல ரெண்டுக்கும் நேரம் இருக்காது, ஒண்ணு தான் தேறும். வில்லா தெய் மிஸ்தேரி வேணும்னா ஆம்பிதியேட்டர் பக்கம் விட்டுடுங்க, ரெண்டும் ஊரோட ரெண்டு கோடி. ரொம்ப நடக்க முடியாதவங்க, சின்ன பசங்க கூட இருந்தா பேசாம பாம்பேய விட்டுட்டு எர்கொலானோ (அதே வெடிப்புல புதைஞ்ச இன்னொரு ஊரு, ஹெர்குலேனியம்) போங்க, சின்ன இடம், ஒன்றரை மணி நேரத்துல முடியும், அங்க ஒரு ஒயின் கடை சுவர்ல நாலு கலர் ஜக்கும் விலையும் வரைஞ்சது அப்படியே இருக்கு.

வெளிய வர வேண்டிய நேரம் பன்னெண்டு, பன்னெண்டரை. அதுக்கு மேல இழுத்தா வெயில்ல பசில எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழுவாங்க. பாட்டில எடுத்துட்டு போங்க, உள்ள குழாய்ல நல்ல தண்ணி வரும். செருப்பு வேணாம், ஷூ போடுங்க, வண்டிச் சக்கரம் பதிஞ்ச ரோடு அது.

ஒயின் தோட்டங்க மலையோட தெற்கு, தென்கிழக்கு பக்கம் போஸ்கோத்ரெகாசே, த்ரெகாசே, தெர்சிஞ்யோ இந்த ஊருங்கள்ல இருக்கு, கார்ல பக்கம் தான். சும்மா போய் கதவ தட்டுனா உள்ள விட மாட்டாங்க, சாப்பாட்டோட டேஸ்டிங் 1 மணிக்கோ ஒன்றரைக்கோ ஸ்லாட் புக் பண்ணுங்க. புக் பண்றப்ப மூணு விஷயம் கேளுங்க, இடிபாட்டு வாசல்ல இருந்து பிக்கப் உண்டா, எத்தன ஒயின், எவ்வளவு ஊத்துவாங்க, சாப்பாடு உண்டா இல்ல ரெண்டு துண்டு பிரெட் தானா. சைவம்னா முன்னாடியே எழுதிடுங்க, இல்லன்னா தட்டுல சலாமி வந்து உக்காரும். கார் ஓட்டறவங்க குடிக்காதீங்க, இத்தாலில ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம் தான் லிமிட், லைசென்ஸ் வாங்கி மூணு வருஷம் ஆகலன்னா பூஜ்யம். அந்த மலை ரோட்ல வளைவு வேற. பிக்கப் இல்லன்னா டாக்சி பேசிடுங்க, போகவும் வரவும் சேத்து.

அங்க போனா லாக்ரிமா கிறிஸ்தி, கிறிஸ்துவோட கண்ணீர்னு அர்த்தம், அது தான் ஹீரோ. லூசிஃபர் சொர்க்கத்துல ஒரு துண்ட திருடிட்டு வந்து இங்க போட்டானாம், அத பாத்து கிறிஸ்து அழுத இடத்துல கொடி முளைச்சுதாம், எல்லா தோட்டத்துலயும் இந்தக் கதைய சொல்லுவாங்க, முதல் தடவை கேக்கற மாதிரி கேட்டுக்கோங்க. வெள்ளைக்கு கோதா தி வோல்பே, கப்ரெத்தோனே, சிவப்புக்கு பியெதிரோஸ்ஸோ இதெல்லாம் இந்தப் பக்கத்து திராட்சை. கோதா தி வோல்பேன்னா நரி வாலு, கொத்து அப்படி தொங்கும். பியெதிரோஸ்ஸோன்னா சிவப்புக் காலு, காம்பு புறா கால் மாதிரி சிவக்கும். எரிமலை மணல்ல, திராட்சை வேர அழிக்கிற ஃபிலாக்செரா பூச்சி பொழைக்க முடியாது, அதனால அமெரிக்க வேர்ல ஒட்டு போடாத பழைய கொடிங்க இன்னும் இருக்கு, காட்ட சொல்லுங்க.

குடிக்கிற முறை பெரிய வித்தை இல்ல. வெள்ளைல ஆரம்பிச்சு ரோஸ், அப்புறம் சிவப்பு, கடைசில பழசு. கிளாஸோட தண்ட புடிச்சு ஒரு சுத்து சுத்தி முதல்ல மோந்து பாருங்க, ஒரு சின்ன வாய் எடுத்து நாக்கு முழுக்க உருட்டுங்க. வெள்ளைல லேசா உப்பு கரிக்கிற மாதிரி இருக்கும், இங்க உள்ளவங்க மண்ணால தான்னு அடிச்சு சொல்லுவாங்க. எல்லாத்தையும் முழுங்கணும்னு கட்டாயம் இல்ல, துப்ப பாத்திரம் கேட்டா குடுப்பாங்க, யாரும் தப்பா நெனக்க மாட்டாங்க. வெறும் வயித்துல ஆரம்பிக்காதீங்க. தட்டுல பியென்னோலோன்னு கொத்தா கட்டித் தொங்க விட்ட குட்டி தக்காளி வரும், அத பிரெட் மேல நசுக்கி வெள்ளை ஒயின் கூட சாப்பிட்டுப் பாருங்க, எனக்கு அஞ்சு கிளாஸ விட அது தான் ஞாபகம் இருக்கு. அளவு மீறாதீங்கன்னு நான் சொல்லல, ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லியிருக்காரு. வெசுவியஸ் வெடிச்சப்ப கப்பல்ல போய் செத்துப்போன அதே மூத்த பிளினி தான், பாம்பேய் ஒயின் குடிச்சா மறுநாள் மத்தியானம் வரைக்கும் தலை வலிக்கும்னு எழுதி வச்சுட்டு போயிருக்காரு.

மலை உச்சி எரிமலை வாயையும் அதே நாள்ல சேக்கலாமான்னு கேப்பாங்க. சேக்காதீங்க. அதுக்கு தனி டிக்கெட், தனி டைம் ஸ்லாட், ஏத்தம் வேற, ஒயினுக்கு அப்புறம் ஏறவே கூடாது.

பாட்டில் வாங்குறவங்க ரெண்டுக்கு மேல வாங்காதீங்க, தோட்டத்துல உக்காந்து குடிக்கும்போது ஆறு வாங்கணும்னு தான் தோணும். ஹேண்ட் லக்கேஜ்ல போகாது, செக்-இன் பெட்டில துணி நடுவுல சுத்தி, மேல ஒரு பிளாஸ்டிக் கவர கட்டி வைங்க. நான் கவர் கட்டாம வச்சேன், ஒரு பாட்டில் போச்சு, வெள்ளைச் சட்டை ரெண்டு இன்னும் பியெதிரோஸ்ஸோ கலர்ல தான் இருக்கு.