அய்யா எந்தக் கப்பல்ல போனாக? தேடுறது இப்படித்தான்

கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பண்ணப் போன நம்ம செட்டிநாட்டு நகரத்தார் வீட்டு அய்யா (தாத்தா) பேரு கப்பல் லிஸ்ட்ல இருக்கான்னு பாக்க நெறைய பேரு நேரா நெட்ல செட்டின்னு அடிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் கெடைக்கலன்னு விட்டுர்றாக. கெடைக்காதுங்க. ஆளாளுக்குப் பேரு, அப்பா பேரு, வயசு, ஊருன்னு எழுதி வச்சது கூலி ஒப்பந்தத்துல போனவுகளுக்குத்தான், 1860லேருந்து 1911 வரைக்கும் தென்னாப்பிரிக்கா நேட்டாலுக்குப் போன கப்பல் லிஸ்ட் அப்படித்தான் இருக்கு (நம்ம பக்கத்து ஆளத் தேடுனா மதுரா ஜில்லான்னு தேடுங்க, ராமநாதபுரம் ஜில்லா 1910லதான் வந்துச்சு). நம்மாளுக சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து டெக்ல பாய விரிச்சுப் போனவுக, அவுகள யாரு எழுதி வச்சா?

அதனால வீட்டுலேருந்து ஆரம்பிங்க. பரண்ல இருக்க தகரப் பெட்டிய எறக்கி கடுதாசி, பேரேடு, பாஸ்போர்ட்டுன்னு ஒண்ணு விடாம பாருங்க. தேதி பிரமாதி௵ ஐப்பசி௴ ௰௨௳ன்னு இருக்கும், மொத குறி வருசம், அடுத்தது மாசம், கடைசி நாளு, ௰௨ன்னா 12. நான் அந்த ௰-ஐ 'ய'ன்னு படிச்சு ரெண்டு நாளு முழிச்சேன். பிரமாதின்னா 1939, ஆனா அறுவது வருசத்துக்கு ஒருக்கா அதே பேரு வரும்ல, 1879லயும் பிரமாதிதான், கவர் ஸ்டாம்புல ராணி தலையா ராசா தலையான்னு பாத்தா தெரிஞ்சு போகும், ராணின்னா 1879, ராசான்னா 1939.

மாசம் கெடைச்சா அடுத்து துறைமுகம். ரங்கூன்னா மெட்ராஸ், பினாங்கு சிங்கப்பூர்னா பெரும்பாலும் மெட்ராஸ் இல்லாட்டி நாகப்பட்டினம், அந்த வழியில 1926ல கட்டுன ரஜூலாங்குற கப்பல் ரொம்ப காலம் ஓடுச்சு. கொழும்புக்கு 1914லேருந்து தனுஷ்கோடி வழி, அந்த ஊரே 1964 புயல்ல போச்சு, அங்க போயி பேப்பர் தேடாதீக.

சிங்கப்பூர் நேஷனல் லைப்ரரி பழைய பேப்பரையெல்லாம் நெட்ல போட்டுருக்கு, அதுல கப்பல் பேரையும் மாசத்தையும் அடிச்சா என்னைக்கு வந்து சேந்துச்சுன்னு ஷிப்பிங் செய்தியில பாக்கலாம். டெக் பாசஞ்சர் பேரு இருக்காது, நாளு கெடைக்கும், அதுவே பெரிய விசயம்.

பர்மா கதை வேற. 1941 டிசம்பர் 23 ரங்கூன்ல குண்டு விழுந்துச்சு, நம்ம கணக்குல விஷு௵ மார்கழி. அதுக்கப்பறம் கப்பல்ல எடம் கெடைக்காம காடு மலைன்னு நடந்தே வந்தவுக ஏராளம், அவுகளுக்கு லிஸ்ட்டு ஏது, வீட்டுப் பெரிய ஆச்சிகிட்டதான் கேக்கணும். எந்தத் தேதின்னு கேக்காதீக, படைப்புக்கு (வீட்டுல முன்னோருக்குப் படைச்சுக் கும்புடுறது) முன்னாடி வந்தாகளா பின்னாடியான்னு கேளுங்க, டக்குன்னு சொல்லுவாக.