கேஎல் (கோலாலம்பூர்)-இலிருந்து செம்போர்ணா தீவுகளுக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செம்போர்ணா போய்வந்த நண்பர்கள் காட்டும் படங்களில் பச்சைக் கண்ணாடி போல் கடல் இருக்கும், தண்ணீருக்கு மேல் கம்பு ஊன்றிக் கட்டிய வீடுகள் இருக்கும். அந்த வீடுகளில் இருப்பவர்கள் யார் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. மலேசியாவின் சபா மாநிலத்துக் கிழக்குக் கரையில் உள்ள இந்தத் தீவுக்கூட்டம், கடலையே வீடாகக் கொண்ட பஜாவ் லாவுட் மக்களின் ஊர். அங்கே போகும் நாம் அவர்களுடைய விருந்தாளிகள். அந்த எண்ணத்தோடு எப்படிப் போய்வருவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

என்னைக் கேட்டால் ஏப்ரல். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு கிளம்பலாம். அந்த மாதத்தில்தான் செம்போர்ணாவில் ரெகாத்தா லெப்பா நடக்கும். 1994-இல் தொடங்கிய விழா. லெப்பா என்பது பஜாவ் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து, சமைத்து, உறங்கி வாழ்ந்த மரப்படகு. விழா நாளில் அவற்றை வண்ணப் பாய்களும் கொடிகளும் கட்டி அலங்கரித்து, மேளம் அடித்து, ஆடிக்கொண்டே கரைக்குக் கொண்டுவருவார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் தேதி வெளியானதுமே முன்பதிவு செய்துவிடுங்கள்.

படி 2: ஐசியை (அடையாள அட்டையை) மறக்காதீர்கள்

உள்நாட்டுப் பயணம்தானே என்று இருந்துவிட வேண்டாம். சபாவுக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. தீபகற்பத்திலிருந்து போகும் மலேசியர்கள் மைகார்டையோ (அதாவது ஐசியையோ) கடப்பிதழையோ காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு மைகிட் எனும் சிறுவர் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள துன் சக்காரான் கடல் பூங்காவின் நுழைவுக் கட்டணமும் குடிமக்களுக்குக் குறைவு. அங்கேயும் ஐசி கேட்பார்கள்.

படி 3: விமானமும் சாலையும்

கேஎல்-இலிருந்து, செம்போர்ணாவுக்கு அருகிலுள்ள தாவாவ் நகரத்துக்கு நேரடி விமானம் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறக்க வேண்டும். தாவாவ் விமான நிலையத்திலிருந்து செம்போர்ணா சுமார் 80 கிலோமீட்டர். வேன்கள் ஓடுகின்றன, தங்கும் விடுதியிடம் சொன்னாலும் வண்டி அனுப்புவார்கள். வழி நெடுக செம்பனைத் தோட்டங்கள்தான்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். கடிகாரம் கேஎல்-இல் காட்டும் அதே நேரத்தைத்தான் அங்கும் காட்டும், ஆனால் சூரியன் நம்மைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்திவிடும். காலை ஆறு மணிக்கே நல்ல வெளிச்சம், மாலை ஆறேகாலுக்கெல்லாம் இருட்டு. காலை எட்டு மணிக்குப் பசியாறிவிட்டு ஆற அமரக் கிளம்பினால் பாதி நாள் போய்விடும்.

படி 4: படகு பேசுவது

செம்போர்ணா நகரத்து ஜெட்டி அருகே படகுச் சேவைக்காரர்கள் வரிசையாக இருப்பார்கள். விலை கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சுற்றுலா உரிமம் இருக்கிறதா? ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அளவிலேயே தருவார்களா? மாலை எத்தனை மணிக்குக் கரைக்குத் திரும்புவோம்?

மூன்றாவது கேள்விக்குக் காரணம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் சிபாடான் தீவிலிருந்து 21 பேரை ஆயுதம் தாங்கியவர்கள் கடத்திக்கொண்டு போனார்கள். 2013-இல் இதே கிழக்குக் கரையிலுள்ள லஹாட் டத்துவில் பிலிப்பைன்ஸிலிருந்து ஆயுதக் குழு ஒன்று ஊடுருவியது. அதற்குப் பிறகு இந்தக் கடற்பகுதிக்குத் தனிப் பாதுகாப்புப் படை அமைத்து, 2014 முதல் கடலில் இரவு ஊரடங்கு அறிவித்து, அதைப் பல ஆண்டுகள் நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். ஐந்து மணிக்குள் திரும்புவதாகச் சொல்லும் படகோட்டியே நம்பிக்கையானவர். அவரும் பெரும்பாலும் பஜாவ்காரராகத்தான் இருப்பார். நகரத்தில் வீடும் ஐசியும் உள்ள பஜாவ் மக்கள் வேறு, வெளித்தீவுகளில் கடலையே வீடாகக் கொண்ட பஜாவ் லாவுட் மக்கள் வேறு என்பதை அவரிடம் பேச்சுக் கொடுத்தாலே தெரிந்துகொள்ளலாம்.

படி 5: எந்தத் தீவுகள்?

முதல்முறை என்றால் துன் சக்காரான் கடல் பூங்கா போதும். 2004-இல் அரசிதழில் வெளியான பூங்கா, எட்டுத் தீவுகள், 350 சதுர கிலோமீட்டர். பொஹெய் டூலாங், பொட்கயா, தெத்தாகான் மூன்றும் பழைய எரிமலை வாயின் விளிம்பில் எஞ்சி நிற்பவை. பொஹெய் டூலாங்கில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஏறினால் அந்த வாய் முழுவதும் கடல் புகுந்து நிறைந்திருப்பதை மேலிருந்து பார்க்கலாம். சில இடங்களில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். செருப்போடு போகாதீர்கள், பிடிமானமுள்ள காலணி வேண்டும். மழை பெய்தால் ஏற விடமாட்டார்கள். முட்டிவலி உள்ள பெரியவர்களை சிபுவான் தீவு மணலில் நிழல் பார்த்து உட்கார வைத்துவிடலாம்.

சிபாடானுக்கு நாள் ஒன்றுக்கு இத்தனை பேர்தான் என்று அனுமதிச்சீட்டுக் கட்டுப்பாடு உண்டு. முக்குளிப்பில் பயிற்சி பெற்றவர்களுக்கான இடம் அது. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

படி 6: கிராமத்துக்குப் போகும்போது

இந்தப் படிதான் எனக்கு முக்கியம்.

படகு வேகம் குறைந்ததும் சிறு தோணிகள் உங்களை நோக்கி வரும். ஆறேழு வயதுப் பெண் துடுப்புப் போடுவாள், தம்பி பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் போத்தலால் தோணிக்குள் ஊறும் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பான். பின்னால் அம்மா, வெயில் தாங்க அரிசியையும் மஞ்சளையும் அரைத்து முகத்தில் அப்பியிருப்பார். கையை நீட்டுவார்கள். நம் ஆட்களுக்கு மனசு கேட்காது, உடனே மிட்டாயைத் தண்ணீரில் எறிவார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். பிள்ளைகள் அதை எடுக்க, ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் குதிப்பார்கள். கொடுக்க நினைத்தால் செம்போர்ணா கடையிலேயே அரிசி, எண்ணெய், குடிதண்ணீர் வாங்கி, படகோட்டியைக் கொண்டு கிராமத்துப் பெரியவர் கையில் சேர்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் நல்ல தண்ணீர் கிடையாது, தோம்பில் (பீப்பாயில்) சுமந்துதான் கொண்டுவருகிறார்கள்.

இளநீரோ மீனோ விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். சங்கு, பவளம் வேண்டாம். ஆமை முட்டை நீட்டினால் வாங்கவே கூடாது, சபாவில் அது குற்றம். படம் எடுக்கும் முன் "போலே அம்பில் காம்பார்?" என்று கேளுங்கள். தலையை ஆட்டி மறுத்தால் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். குளிக்கும் பிள்ளைகளை எடுக்கவே வேண்டாம். நன்றி சொல்ல "மக்சுகூல்" என்றால் முகம் மலரும்.

இந்த மக்களில் பெரும்பாலோரிடம் எந்த நாட்டுப் பத்திரமும் இல்லை. பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா என்று கடலில் கோடு போடுவதற்கு முன்பிருந்தே இந்த நீரில் மிதந்தவர்கள். பத்திரம் இல்லாததால் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இல்லை, ஆஸ்பத்திரி என்றால் வெளிநாட்டவர் கட்டணம். 2024 ஜூனில் கடல் பூங்காத் தீவுகளில் அவர்கள் வீடுகளை அதிகாரிகள் இடித்தும் எரித்தும் அகற்றினார்கள். 500-க்கும் மேற்பட்டோர் வீடிழந்ததாக அங்கே வேலை செய்யும் அமைப்புகள் சொல்லின. இந்த வலி நமக்கு அந்நியமானது இல்லை. என் பாட்டி இந்த மண்ணிலேயே, தோட்டத்து லயத்தில் பிறந்தவர். கடைசிவரை சிவப்பு ஐசிதான், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான அட்டைதான் வைத்திருந்தார். நம் வீடுகளில் இப்படி ஒருவராவது இருந்திருப்பார். அதனால்தான், "பாவம், நாடோடிகள்" என்று யாராவது படகில் பேசினால் எனக்குப் பொறுப்பதில்லை.

நேரம் இருந்தால் ஓமாடால் தீவைக் கேளுங்கள். பஜாவ் லாவுட் மக்களின் பழைய குடியிருப்புகளில் ஒன்று, அவர்களின் இடுகாடும் அங்கே இருக்கிறது. பத்திரமில்லாத பிள்ளைகளுக்காக இஸ்குல் ஓமாடால் என்ற மாற்றுப் பள்ளியும் அங்கே நடக்கிறது. முன்னறிவிப்பில்லாமல் வகுப்புக்குள் நுழையாதீர்கள். முதலில் எழுதிக் கேட்டு, அவர்கள் என்ன வேண்டும் என்கிறார்களோ அதைக் கொண்டுபோங்கள்.

படி 7: சாப்பாடு

மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. பஜாவ் வீட்டுச் சாப்பாட்டில் சோற்றுக்குப் பதில் புட்டு, அதாவது மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்து ஆவியில் வேகவைத்தது. கையில் எடுத்தால் கெட்டியாக, ஈரப்பசையோடு இருக்கும். பொரித்த மீனும் காரச் சம்பலும் தொட்டுச் சாப்பிட வேண்டும். கடல் முள்ளெலியின் ஓட்டுக்குள் அரிசி நிரப்பி வேகவைக்கும் தெஹெ-தெஹெ கிடைத்தால் விடாதீர்கள்.

சைவக்காரர்கள் படகு பேசும்போதே "சாயோர் சாஜா, தாக் மாவ் டாகிங், தாக் மாவ் இக்கான்" (காய்கறி மட்டும், இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். அப்படியும் ஊறுகாய், முறுக்கு, ரொட்டி கையில் இருக்கட்டும். வாந்தி வருகிறவர்களுக்குக் கோடாலித் தைலம்.

படி 8: திரும்பும் நாள்

குப்பை அனைத்தையும் பையில் கட்டிக் கரைக்கே கொண்டுவாருங்கள், தீவில் அள்ளுவதற்கு ஆள் கிடையாது. முக்குளித்தவர்கள் கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். நாள் முழுக்க மேலே வெயிலில் இருந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனாலும் காலை விமானம் எடுக்காதீர்கள். மதியத்துக்கு மேல் இருந்தால், செம்போர்ணா சந்தையில் மீன் இறங்குவதைப் பார்த்துவிட்டு வேன் ஏறலாம்.