தாள் திருத்திய பிறகு செய்யும் தவறுகள்

வினாத்தாளில் எழுத்துப்பிழை, கூட்டலில் விடுபட்ட மதிப்பெண் போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே எழுதப் போவதில்லை. அவை ஓரிரு பருவத்தில் தானாகச் சரியாகிவிடும். திருத்திய தாளை வைத்துக் கற்பித்தலை மாற்ற முயலும்போதுதான் பெரிய சறுக்கல்கள் வருகின்றன. தொடக்கப்பள்ளிக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைச் செய்வதைக் குறுவள மையக் கூட்டங்களில் (அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டங்கள்) பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சராசரியைப் பார்த்துவிட்டுத் தாளைக் கட்டி வைப்பது

இன்றுவரை எனக்கு ஆற்றாமையைத் தருவது இதுதான். ஒரு கூட்டத்துக்கு நாலாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் கணக்கு மதிப்பெண்களைப் பட்டை வரைபடமாக வரைந்து எடுத்து வந்திருந்தார். கழித்தலில் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள், அடுத்த வாரம் முழுக்கக் கழித்தலை மறுபடி நடத்தப் போகிறேன் என்றார். எங்கே தடுமாறுகிறார்கள் என்று கேட்டேன். வரைபடத்தில் அதற்குப் பதில் இல்லை. தாள்களை எடுத்துப் பார்த்தோம்.

கணக்கு இது: 402 − 135. சரியான விடை 267. ஒரு பிள்ளை 333 என்று எழுதியிருந்தது, இன்னொன்று 367, வேறொன்று 207. மூவருக்கும் பூஜ்ஜியம் மதிப்பெண். ஆனால் மூவரின் சிக்கலும் ஒன்றல்ல.

333 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. மேலே உள்ள முழு எண்ணிலிருந்து கீழே உள்ள முழு எண் போகிறது என்பதே அதற்குப் பிடிபடவில்லை. 367 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். பத்துகள் இடத்தில் இருந்த 0 வை 9 ஆக்கியது, ஆனால் அது நூறிலிருந்து வந்தது என்பதை மறந்து 4 ஐ அப்படியே விட்டுவிட்டது. 207 எழுதிய பிள்ளை நடுவில் இருந்த பூஜ்ஜியத்தைத் தாண்டி, நூறிலிருந்து நேராக ஒன்றுகளுக்குக் கடன் வாங்கியது. அப்புறம் 0 வில் 3 போகாது என்று 0 போட்டுவிட்டது.

அந்த ஆசிரியை திட்டமிட்டிருந்தது 52 − 27 போன்ற ஈரிலக்கக் கணக்குகள். அவற்றைக் கடைசி இரண்டு பிள்ளைகளும் ஏற்கெனவே சரியாகப் போட்டிருந்தார்கள்! அவர்களுக்குத் தேவை, நூறு குச்சிக் கட்டைப் பிரித்துப் பத்துப் பத்தாக்கி, அதில் ஒரு பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்கும் வேலை. ஒரு வாரம் வீணாகியிருக்கும். பிள்ளைகளும் தங்களுக்குக் கழித்தலே வராது என்று நம்பத் தொடங்கியிருப்பார்கள். தகவல் மேசை மேலேயே இருந்தது. மதிப்பெண்ணை எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) ஏற்றியாயிற்று, வேலை முடிந்தது என்ற பழக்கம்தான் அதைப் பார்க்க விடவில்லை.

எல்லாக் கேள்விகளுக்கும் அலச நேரம் கிடையாது, சரி. முக்கியமான மூன்று நான்கு கேள்விகளை மட்டும் எடுங்கள். ஒரு தாளில் இடப்பக்கம் பிள்ளைகள் பெயர், மேலே கேள்வி எண். கட்டத்தில் சரி, தவறு என்று குறிக்காமல் பிள்ளை எழுதிய தவறான விடையையே எழுதுங்கள். ஒரே விடை திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த நாள் பாடம் அதுதான்.

சரியான விடையும் ஏமாற்றும். 0.8, 0.35 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், இலக்கம் குறைவாக இருந்தால் பெரிய எண் என்று தப்பாக நினைக்கும் பிள்ளையும் 0.8 என்றே எழுதும். கூடவே 0.4, 0.45 என்று ஒரு சோடி கொடுத்தால்தான் அது வெளியே வரும்.

மதிப்பெண்ணையும் குறிப்பையும் சேர்த்து எழுதுவது

பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டில் நாம் மெனக்கெட்டுக் குறிப்பு எழுதுகிறோம், பக்கத்திலேயே மதிப்பெண்ணும் போடுகிறோம். பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறது. 1988 இல் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள்; இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள் முன்னேறவில்லை. பதிவேட்டுக்கு மதிப்பெண் வேண்டும்தான். அதைப் பதிவேட்டில் எழுதுங்கள், பிள்ளையின் தாளில் குறிப்பை மட்டும் எழுதுங்கள்.

அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அப்படியே விடுவது

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலைக்கு வைத்த பெயர்கள் இவை. அந்தப் பிரிவு அடுத்த மதிப்பீடு வரைக்கும்தான்.

மாவட்ட அறிக்கையை வகுப்புக்குள் கொண்டுவருவது

2021 நவம்பரில் 3, 5, 8, 10 ஆம் வகுப்புகளுக்கு நடந்த தேசிய அடைவு ஆய்வு ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு. தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில் நடத்தி, மாவட்டம் எப்படி இருக்கிறது என்று சொல்வது அதன் வேலை. எந்தப் பாடப்பகுதிக்குப் பயிற்சி வேண்டும் என்று முடிவெடுக்க அது உதவும். உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஆய்வுக்கு முன்னால் மாதிரி வினாக்களை மனப்பாடம் செய்யவைப்பது

வேண்டாம். அளவீடே பொய்யாகிவிடும்.

எதையும் எடுக்காமல் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டே போவது

ஒவ்வொரு மதிப்பீடு முடிந்ததும் ஒரு கூடுதல் பயிற்சித்தாள் முளைக்கிறது. நாட்கள் கூடுவதில்லை. ஒரே தவறு வேறு வேறு பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் வந்தால், பாடத்தின் வரிசையிலோ பயிற்சியிலோ ஓட்டை இருக்கிறது. கழித்தல் பயிற்சிகளில் நடுவில் பூஜ்ஜியம் உள்ள எண்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். குறைவாக இருந்தால், பிள்ளைகளுக்கு நன்றாக வந்துவிட்ட கணக்குகளில் சிலவற்றை எடுத்துவிட்டு இவற்றை வையுங்கள். ஆண்டு முடிவில், பிள்ளைகளின் தவறான விடைகளைக் குறித்து வைத்த அந்தத் தாளின் நகலை அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். ஜூனில் அவருக்கு மதிப்பெண் பட்டியலைவிட அதுதான் கைகொடுக்கும்.